மேசைக்கடியில் ஒரு மதியச் சாப்பாடு

ஹலோ… ஹலோ! நான்தான். வச்சுடாதே, தயவுசெஞ்சு வச்சுடாதே… தெரியும், வேலை நேரத்துல கூப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்க… ஆமா… ஆமா, அதுவும் தெரியும். ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு… இல்ல இல்ல இல்ல, அவளுக்கு ஒண்ணும் ஆகலை! நல்லா இருக்கா. அடிபடலை, காய்ச்சல் இல்ல, எங்கயும் தொலைஞ்சு போகலை. இங்கதான் பக்கத்துல இருக்கா… பக்கத்துலன்னா… கொஞ்சம் கீழ… டேபிளுக்கு அடியில.

ஆமா, டேபிளுக்கு அடியில… விளையாடலை. விளையாடினா உனக்கு ஏன் போன் பண்றேன்? உள்ள போய் உக்காந்துக்கிட்டு வெளிய வர மாட்டேன்னு அடம் பிடிக்கிறா. ஒரு வாய் சாப்பிடலை… ஒரு வாய்கூட இல்ல… நான் திட்டலை! சத்தியமாத் திட்டலை. இத்தனை மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் முதல் முதலா எங்கூட வெளிய அனுப்பியிருக்க. கூட்டிட்டு வந்து திட்டுவேனா? எனக்கென்ன பைத்தியமா?… சரி, அதுக்கு நீ பதில் சொல்ல வேண்டாம்.

எங்கயா? அந்த நூடுல்ஸ் கடை. நான் லிஃப்ட் ரிப்பேர் பாக்குற கட்டடம் இருக்குல்ல, சினிமா தியேட்டரெல்லாம் உள்ள இருக்குமே, அதுல மேல் மாடி… ஆமா, வாசல்ல சிவப்புக் காகித விளக்கு… அதேதான். ஜப்பான் சூப்பு, தாய்லாந்து சோறு, கொரியாக் கோழின்னு ஒரே அடுப்படியில எல்லா நாட்டையும் வதக்கி எடுக்குறாங்க… நான் தேர்ந்தெடுக்கலை, அவதான் கேட்டா. லிஃப்ட்ல ஏறினதும் விளக்குக் கடைக்குப் போகணும்னு சொன்னா. சிரிச்சுக்கிட்டேதான் வந்தா. லிஃப்ட் கண்ணாடியில மூஞ்சியைக் கோணக் கோணலா வச்சுக் காமிச்சா. நான்கூட, அப்பாடா, இன்னிக்கு நல்லாப் போகப் போகுதுன்னு நினைச்சேன்.

குடுத்தேன்! முதல் வேலையா அதைத்தான் பண்ணினேன். 'அம்மாகிட்டப் பேசுறியா, போன் போடட்டுமா'ன்னு கீழ குனிஞ்சு நீட்டினேன். கையைத் தட்டி விட்டுட்டா. போன் வேண்டாமாம்… எனக்கென்ன தெரியும்? வேண்டாம்னா வேண்டாமாம். காது ரெண்டையும் பொத்திக்கிட்டா. அதான் அவளைக் கேக்காம நானே கூப்பிட்டேன்.

இருங்க… இல்லீங்க, உங்க கால்ல இடிச்சுதா? மன்னிச்சுக்குங்க. குழந்தைங்க. இதோ வந்துடுவா… ஹலோ, உன்கிட்ட இல்ல. பக்கத்துல ஒருத்தர். இங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே நீளமான டேபிள், தெரியுமா? நம்ம வரிசையில ஒரு ஆபீஸ் கும்பல் உக்காந்திருக்கு. இவ ஒவ்வொருத்தர் கால் பக்கமா நகர்ந்துக்கிட்டே போறா. இப்ப ஒருத்தரோட ஷூ மேல சாஞ்சுக்கிட்டு இருக்கா. அந்த மனுஷன் காலை அசைக்காம சிலை மாதிரி உக்காந்து சூப்புக் குடிக்கிறாரு. தங்கமான ஆளு.

என்ன வாங்கிக் குடுத்தேனா? நூடுல்ஸ்… முட்டை போட்டது… வெங்காயத் தாள் போடாம, ஆமா, எடுத்துட்டாங்க… காரம் இல்ல… அடேங்கப்பா, அவளுக்குக் காரம் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? ஆறு வருஷமா… சரி. சரி, விடு. குத்திக் காட்டத்தான் போற, அப்புறமாக் குத்து. இப்ப சொல்லு, இப்ப என்ன சாப்பிடுறா? மாறிட்டாளா? இந்த வயசுல மாசத்துக்கு ஒரு ருசி மாறும்ல… நூடுல்ஸ்தானா? இன்னமும் அதேதானா? அப்போ ஏன் தொட மாட்டேங்குறா?

நூடுல்ஸ் வேண்டாம்னதும் மோமோ சொன்னேன். மோமோ வந்து ஆறிப்போச்சு. அப்புறம் சோளச் சூப்பு. அது என் சட்டையில இருக்கு… அவ கொட்டலை, நான்தான் குனியும்போது இடிச்சுக்கிட்டேன். அப்புறம் தேங்காய்ப் பால் ஊத்தின சோறு, அப்புறம் பொரிச்ச கோழி. டேபிள்ல இடமே இல்ல. ஒரு கல்யாணப் பந்தியே இங்க சாப்பிடலாம். சாப்பிடுறதுக்குத்தான் ஆள் இல்ல.

என்ன கேட்டாலும் ஒரே பதில்… 'இன்னும் வரலை.' அவ்வளவுதான். 'என்னடா வரலை, என்ன வேணும், சொன்னா வாங்கித் தர்றேன்'ன்னா, 'இன்னும் வரலை.' நானும் அவ ஏதோ ஒரு அயிட்டத்துக்குக் காத்திருக்கான்னு நினைச்சு மெனுவுல உள்ள படத்தை ஒவ்வொண்ணாக் காமிச்சுட்டேன். எல்லாத்துக்கும் தலையை ஆட்டுறா, இப்படி, இல்லேன்னு.

ஏம்மா… சரி, அப்படிக் கூப்பிடலை. வாய் தவறி வந்துடுச்சு. கோவிச்சுக்காதே. இங்க பாரு, உன்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு? எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. இன்னிக்கு நல்லபடியாப் போனாத்தான் வாராவாரம் வெளிய கூட்டிட்டுப் போகலாம்னு கோர்ட்டுல அந்தக் கவுன்சலிங் அம்மா சொல்லியிருக்காங்க. நாளைக்கு அவளைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. அப்பாகூடப் போனியே, என்ன சாப்பிட்டேன்னு கேப்பாங்க. இவ என்ன சொல்லுவா? டேபிளுக்கு அடியில இருந்தேன்னு சொல்லுவா. அவ்வளவுதான், முடிஞ்சுது. மறுபடியும் கோர்ட்டுல நாங்க சந்திக்கிற அந்த ரூம். அந்தப் பச்சைப் பாய், கை உடைஞ்ச பொம்மை, மூலையில ஒருத்தர் உக்காந்து நாங்க பேசுறதைக் குறிப்பெடுத்துக்கிட்டு… என்னால முடியாது. என் பொண்ணுகிட்ட நான் அந்த ரூம்ல வச்சுப் பேச முடியாது. அங்க போனா நான் அப்பா மாதிரியே இல்ல, இன்டர்வியூவுக்கு வந்தவன் மாதிரி இருக்கேன்.

அழலை… சளி. ஏசிக் காத்து.

நீ ஒண்ணும் சொல்லிட மாட்டியே? சாப்பிடலைன்னு… நீ சொல்ல வேண்டாம், அவளே சொல்லுவான்றியா. ஆமா. அதுவும் சரிதான்.

முதல்ல இருந்தா? எதை முதல்ல இருந்து?… சரி, சொல்றேன். வந்தோம். உக்காந்தோம். ஆர்டர் எடுக்குற பொண்ணு வந்துச்சு. வந்தவுடனே சொல்லிடுச்சு, 'எங்க கடையில எல்லாத்தையும் ஒண்ணாக் கொண்டு வர மாட்டோம், எது முதல்ல ரெடியாகுதோ அது முதல்ல வரும், வந்ததும் சூடாச் சாப்பிட ஆரம்பிச்சுடுங்க'ன்னு. நானும் மண்டையை ஆட்டினேன். சிட்டுக்கு நூடுல்ஸ், எனக்கு ஃப்ரைடு ரைஸ். நூடுல்ஸ் சட்டுனு வந்துடுச்சு. ஆவி பறக்குது. 'சாப்பிடுடா தங்கம்'னேன். மாட்டேன்னா. சரி, எனக்கும் வரட்டும்னு பாக்குறாளோன்னு நினைச்சேன். எனக்கு வந்துச்சு. நான் சாப்பிட ஆரம்பிச்சேன். அவ என்னைப் பாத்தா பாரு ஒரு பார்வை… நான் என்னமோ திருடித் தின்ன மாதிரி.

இல்ல, அப்ப கீழ போகலை. அப்ப சும்மா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. நூடுல்ஸ் ஆறி உருண்டையாகிடுச்சு… கீழ போனதா? அது அப்புறம். அது எதுக்குன்னே எனக்குப் புரியலை. ஒண்ணுமே நடக்கலை. டேபிள் நடுவுல ஒரு டம்ளர்ல குச்சி வச்சிருக்காங்க, சாப்பிடுற குச்சி. வந்ததும் அவளே எடுத்து அழகாப் பரப்பி வச்சா. பொறுப்பா, ஒவ்வொரு ஜோடியும் நேரா இருக்கான்னு விரலால சரி பண்ணி. உன்னை மாதிரியே. எனக்கொண்ணு, அவளுக்கொண்ணு, எதிர்ல காலியா இருந்த இடத்துல ஒண்ணு. நடுவுல அந்த ஆபீஸ் கும்பல்ல ஒரு ஆள் வந்து, இங்க யாராவது வர்றாங்களான்னு கேட்டாரு. நான் இல்லீங்க, நாங்க ரெண்டு பேர்தான், உக்காருங்கன்னு சொல்லி அந்தக் குச்சியை எடுத்து டம்ளர்ல போட்டேன். அவ்வளவுதான் நடந்துச்சு. திரும்பிப் பாக்குறேன், ஆளைக் காணோம். சீட்டு காலி. குனிஞ்சு பாத்தா அடியில…

ஹலோ?

ஹலோ… லைன்ல இருக்கியா? கேக்குதா? நான் இங்க ஜன்னல் பக்கமா வர்றேன், இரு… இப்ப கேக்குதா?… கேக்குதுன்னா பேசேன். ஏன் பேச மாட்டேங்குற? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?… மூணா? ஆமா, மூணு ஜோடி. அதான் சொன்னேனே. எனக்கொண்ணு, அவளுக்கொண்ணு…

ஐயோ.

ஐயோ… ஐயோ, கடவுளே.

அவ சாப்பாட்டுக்குக் காத்திருக்கலை. உனக்காகக் காத்திருக்கா.

நான் ஒரு மடையன். இத்தனை தட்டு வாங்கி அடுக்குறேன். கோழியாம், சூப்பாம்… எல்லாருக்கும் தட்டு வந்தாத்தான் முதல் வாய். நீ போட்ட சட்டம்தானே அது. நான் எங்கயாவது லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சுன்னு ஓடிட்டு நேரம் கழிச்சு வருவேன், நீங்க ரெண்டு பேரும் தட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க… பசியில அவ கண்ணு சொருகும், ஆனா தொட மாட்டா… தெரியும். எனக்காகப் போட்ட சட்டம்னு தெரியும். நீ இப்ப அதைச் சொல்லணுமா?

என்னது?… வீட்டுலயுமா?… தினமுமா? என் தட்டையும் வைக்குறாளா?… அந்த நீலக் கரை போட்டதா? அதை இன்னும் நீ… சரி. சரி… நீ என்ன பண்ணுவ? எடுத்து வச்சுடுவியா? அவ தூங்கினப்புறமா… அவ்வளவு நேரமும் அது அங்கயே இருக்குமா, காலியா?… இதை ஏன் நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை? நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஆயிரம் இருக்கலாம், இதைச் சொல்லியிருக்கலாம்ல?… ஆமா, எப்படிச் சொல்லுவ. ஆமா.

கேளு. நான் ஒண்ணு கேக்குறேன், மறுக்காதே. நீ வந்துடேன். உன் மூக்குக் கண்ணாடிக் கடை இங்கேருந்து எவ்வளவு தூரம்? ஒரு டாக்ஸி புடிச்சா… எனக்காக இல்ல! என் மூஞ்சியப் பாக்க வேண்டாம். நான் தள்ளி உக்காந்துக்குறேன். அந்தப் பக்கமாத் திரும்பிக்குறேன். நீ வந்து எதிர்ல உக்காரு, முன்னாடி ஒரு தட்டு இருந்தாப் போதும், அவ வெளிய வந்துடுவா, ஒரு கிண்ணம் சாப்பிட்டுட்டா நீ போயிடலாம்… ப்ளீஸ்… உன் முதலாளிகிட்ட நான் பேசட்டுமா? குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லு… ஒரே ஒரு தடவை. கால்ல வேணும்னாலும் விழறேன்.

ஏன் முடியாது?… அடுத்த வாரத்தை அடுத்த வாரம் பாத்துக்கலாம், இன்னிக்கு… உனக்கு ஒரு பிடிவாதம்! குழந்தை பட்டினியாக் கிடக்குது தரையில, உனக்கு நியாயம் பேசணும்! நீ ஜெயிக்கணும், அவ்வளவுதானே? நான் தோத்துட்டேன், போதுமா? எழுதிக் குடுக்கட்டுமா?…

…

சொல்லு… கேக்குறேன்… கேக்குறேன், சொல்லு… ம்… ம்…

இன்னிக்கு நீ வந்தா அடுத்த வாரமும் அவ வாசலையே பாத்துக்கிட்டு இருப்பான்னு சொல்ற. நீ சொல்றது புரியுது… வந்து உக்காந்துட்டு எந்திரிச்சுப் போறது, வராம இருக்குறதைவிட மோசம்னு சொல்ற… ம். புரியுது… கத்தினதுக்கு மன்னிச்சுக்கோ. உன்மேல கோவம் இல்ல. யார்மேல கோவம்னே தெரியலை.

சரி, அப்போ நீயே சொல்லு, என்ன பண்ணட்டும்?… வீட்டுல எப்படிச் சாப்பிட வைக்குற? தட்டு காலியா இருக்கும்போது எப்படிச் சாப்பிடுறா?… 'அப்பா அங்க சாப்பிட்டாச்சாம், நம்மளை ஆரம்பிக்கச் சொன்னாரு'ன்னு சொல்லுவியா? அப்படிச் சொன்னா சாப்பிட்டுடுவாளா?… ஒண்ணும் கேக்க மாட்டாளா?… அட, அவ்வளவுதானா! இதை முதல்லயே சொல்லியிருந்தா… இரு, வைக்காதே. லைன்ல இரு. நான் குனியறேன்.

சிட்டு… ஏய் சிட்டு. அப்பாவைப் பாரு. அம்மாகிட்டப் பேசிட்டேன். அம்மா அங்க கடையில சாப்பிட்டாச்சாம். வயிறு நிறையச் சாப்பிட்டாச்சாம். நம்மளை ஆரம்பிக்கச் சொன்னாங்க. வாடா தங்கம், சூடா வேற நூடுல்ஸ் கொண்டு வரச் சொல்றேன்… என்ன?… என்னடா, கேக்கலை. கிட்ட வந்து சொல்லு…

…

ஹலோ… ம், இருக்கேன்… ஒண்ணுமில்ல… ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல… அவ என்ன சொன்னாளா?

'அம்மாவும் இதையேதான் சொல்லும்'னு சொன்னா.

அழுதுக்கிட்டுச் சொல்லலை. கோவமாவும் இல்ல. சும்மா சொன்னா. மழை பெய்யுதுன்னு சொல்ற மாதிரி… ஏய். ஏய், நீ அழாதே. கடையில ஆள் இருப்பாங்க… அவளுக்குத் தெரியும், பாரு. தினமும் தெரியும். நாம சங்கடப்படக் கூடாதுன்னு அவ சாப்பிட்டிருக்கா. நாம அவளை ஏமாத்துறோம்னு நினைச்சோம், அவ நமக்கு விட்டுக் குடுத்திருக்கா. இந்தப் பொடிசு.

இல்ல. இனிமே இந்தப் பொய் வேண்டாம். நான் சொல்லிடப் போறேன்… எதைன்னு உனக்குத் தெரியும்… இங்கதான். இப்பத்தான்… தெரியும், அழுவா. நாளைக்குக் கவுன்சலிங் அம்மாகிட்ட, அப்பா என்னை அழவச்சாருன்னு சொல்லுவா, தெரியும். வாராவாரம் போச்சு, அந்தப் பச்சைப் பாய் ரூம்தான், அதுவும் தெரியும்… பயமா இருக்கு. உனக்குப் பயமா இருக்குல்ல? ஆனா யாராவது ஒருத்தர் சொல்லணும். அப்பாவுக்கு வேலை தூரம், அதனால அங்கயே தங்கியிருக்காருன்னு நீ சொல்லிக்கிட்டே இரு, ஆமா ஆமான்னு நான் தலையாட்டிக்கிட்டே இருக்கேன். அவ தினமும் தட்டு வச்சுக்கிட்டே இருப்பா.

போனை வைக்கட்டுமா? நீ கேக்க வேண்டாம்… கேக்கணுமா?… சரி. நான் ஏதாவது தப்பாச் சொன்னா நிறுத்து. உன்னைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை வராது. சத்தியம்.

ஏங்க, கொஞ்சம் காலை… நானும் உள்ள போறேன். ஆமாங்க, அடியில. சிரிச்சுக்குங்க, பரவாயில்ல… அம்மாடி. முதுகு.

சிட்டு. கொஞ்சம் தள்ளு, அப்பாவுக்கும் இடம் குடு… இதோ பாத்தியா, அப்பா பெரிய உருவம், மடங்க மாட்டேங்குது. இங்க நல்லாத்தான் இருக்கு. யாரோ ஒருத்தர் சாக்ஸ்ல ஓட்டை இருக்கு பாரு… ஷ்ஷ், விரலை விடாதே.

அப்பா வேலையில யாராவது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவேன் தெரியுமா? லிஃப்டுக்குள்ள இருக்குற போன்ல அவங்ககிட்டப் பேசுவேன். 'இதோ திறந்துடும், இதோ திறந்துடும்'னு சொல்லவே மாட்டேன். அப்படிச் சொன்னா அவங்க கதவையே பாத்துக்கிட்டு நிப்பாங்க, இன்னும் பயப்படுவாங்க. உள்ளதைச் சொல்லிடுவேன். 'இப்போதைக்குத் திறக்காது. ஆனா நான் இங்க இருக்கேன், போனை வைக்க மாட்டேன், நீங்க உக்காந்துக்குங்க'ன்னு சொல்லுவேன்… ஆமாடா, உக்காந்துடுவாங்க. பெரிய பெரிய ஆளெல்லாம் தரையில உக்காந்துடுவாங்க.

அதே மாதிரி அப்பா உனக்கு உள்ளதைச் சொல்றேன். அம்மா இப்ப வர மாட்டாங்க… அப்புறமாவும் வர மாட்டாங்க. இங்க எதிர்ல வந்து உக்கார மாட்டாங்க… அப்பாவும் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர மாட்டேன். வேலை தூரம்னு சொன்னோம்ல, அது சும்மா சொன்னது. வேலை பக்கத்துலதான். இதே கட்டடம்தான்… அம்மாவும் அப்பாவும் இனிமே ஒரே வீட்டுல இருக்கப் போறதில்ல. ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு பண்ணினோம்… ம், அம்மாவுக்கும் தெரியும். அம்மா போன்ல கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க… சண்டை போட்டதாலயான்னா… சண்டையும்தான். வேற நிறையவும். நீ பண்ணினது எதுவும் அதுல இல்ல. ஒரு துளிகூட இல்ல… பென்சிலா? எந்தப் பென்சில்? சுவத்துல கிறுக்கினியே, அதுவா? அதுக்காக யாராவது வீட்டை விட்டுப் போவாங்களாடா? அந்தக் கிறுக்கல் எனக்குப் பிடிக்கும். சத்தியமாப் பிடிக்கும்.

வா… வா இப்படி… அழு. அழுதுக்கோ. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

…

ஹலோ… இருக்கியா?… ம். அழுறா. என் சட்டையில. சூப்பு மேலயே… ம், சொல்லிட்டேன். கேட்டேல்ல… தப்பாச் சொல்லலையே?… நீயும் வீட்டுல சொல்லணும். நான் சொன்னதையே சொல்லு, மாத்திச் சொல்லாதே… ம்… பென்சில் விஷயம் எனக்கும் தெரியாது. இத்தனை நாளா அதை நெஞ்சுல வச்சுக்கிட்டிருந்திருக்கா பாரு… இரு, ஏதோ கேக்குறா.

என்னடா?… அம்மாவா?… இரு, கேட்டுச் சொல்றேன்.

நீ சாப்பிட்டியான்னு கேக்குறா… இல்ல, நெஜமாச் சாப்பிட்டியான்னு. பொய் சொல்லாதே, இப்ப நாம மூணு பேரும் பொய் சொல்லக் கூடாது… இன்னும் இல்லையா? டப்பா கொண்டு போயிருக்கியா?… என்ன இருக்கு?… சிட்டு, அம்மா இன்னும் சாப்பிடலையாம். பிரட்டும் முட்டையும் கொண்டு போயிருக்காங்களாம்… என்ன?… அதையா?… சரி, சொல்றேன்.

டப்பாவை எடுத்து உன் முன்னாடி வைக்கணுமாம்… நான் சொல்லலை, அவ சொல்றா… மேசை இல்லேன்னா மடியில வையி. கஸ்டமர் வந்தா உக்காரச் சொல்லு, கண்ணாடி எங்கயும் ஓடிப்போயிடாது… வச்சுட்டியா? வச்சுட்டாங்களாம்… மூடியைத் திறக்குற சத்தம் கேக்கணுமாம். இரு, போனை அவ காதுல வைக்கிறேன்… ஆமா, இப்ப வாங்கிக்கிட்டா… திற.

கேட்டுச்சாடா?… கேட்டுச்சாம்.

அம்மா முன்னாடி டப்பா இருக்கு. என் முன்னாடி… இரு, எட்டி எடுக்குறேன். ஏங்க, அந்த ரெண்டு கிண்ணத்தையும் கொஞ்சம் கீழ குடுக்குறீங்களா? ஆமாங்க, இங்கயேதான் சாப்பிடப் போறோம். ரொம்ப நன்றி… ஆறினது பரவாயில்லையாடா? வேற கேக்கட்டுமா?… வேண்டாமாம். இதுவே போதுமாம்.

இது அப்பாவுது, இது உன்னுது, அம்மாவுது அங்க இருக்கு. சரியா? சரின்னு தலையாட்டுறா… ஆரம்பிக்கலாமாம். நீயும்… நீயும் வையி வாயில, கேட்டுக்கிட்டு இருக்கா.

… சாப்பிடுறா.

சாப்பிடுறா. உருண்டை உருண்டையா இருக்கு, அதையும் கடிச்சு முழுங்குறா. எவ்வளவு பசி பாரு… மெதுவாடா, யாரும் பிடுங்க மாட்டாங்க… ம். நானும் சாப்பிடுறேன்… நீ அழாதே. அழுதுக்கிட்டே முழுங்கினா விக்கிக்கும். தண்ணி இருக்கா பக்கத்துல?… குடி.

நாளைக்கு அந்தக் கவுன்சலிங் அம்மா என்ன வேணும்னாலும் எழுதிக்கட்டும். இல்ல… நீ எதுவும் சொல்ல வேண்டாம். உள்ளதைச் சொல்லு, போதும்… அடுத்த வாரமா? நெஜமாவா சொல்ற? நீயே பேசுறியா அவங்ககிட்ட?… வேண்டாம், நன்றியெல்லாம் சொல்லலை. சொன்னா எனக்கு…

என்னடா சிட்டு?… ஆமா, அம்மாதான்… ஓ… ஆமா, சரிதான். ஆமா.

ஹலோ… சாப்பிடும்போது போன் பேசக் கூடாதாம். நீ அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கியாம். வைக்கச் சொல்றா… என்னையே முறைச்சுக்கிட்டு இருக்கா, வாய் நிறைய நூடுல்ஸோட… ம்… நீ வையேன்… முடியலையா?… எனக்கும்தான்… சரிடா, சரி, வச்சுட்டேன், வச்சுட்டேன்… நீ முழுசாச் சாப்பிடு. பாதியில மூடி வைக்காதே… ம். வைக்கிறேன்.